பச்சைச் சட்டையும் நிலக்கரி நகரும்: சென்-எத்தியேன் உதைபந்தாட்டக் கழகத்தின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

இலக்கியத்தினதும் நாட்டார் கலைகளினதும் சமூக அடிப்படைகளை ஆராய்வதிற் காட்டிய அக்கறையை, முற்போக்கு ஆய்வாளராகிய நாம் விளையாட்டின்பாற் பெரிதும் காட்டியதில்லை. வாரந்தோறும் பல்லாயிரக்கணக்கான உழைப்பாளரை ஓரிடத்திற் கூட்டுவிக்கும் உதைபந்தாட்டம், பொழுதுபோக்கு என்ற தலைப்பின் கீழ் ஒதுக்கப்பட்டே வந்துள்ளது. ஐரோப்பிய மார்க்சியரிடையேயும் இந்நிலை நீண்டகாலம் நிலவியது. பிரெஞ்சு அறிஞர் ழான்-மரி புறோம் 1976 இல் வெளியிட்ட விளையாட்டின் அரசியற் சமூகவியல் பற்றிய நூலில், போட்டி விளையாட்டு முழுவதையும் முதலாளித்துவ அமைப்பின் கருவியாகவே கண்டார். இதற்கு எதிர்முனையில், தொழிலாளர் திரண்டு பார்க்கும் விளையாட்டு யாவும் தொழிலாளரின் விளையாட்டே எனப் போற்றும் உணர்ச்சிமயமான நோக்கொன்றும் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த மார்க்சியரான சி. எல். ஆர். ஜேம்ஸ், கிரிக்கெற் பற்றி 1963 இல் எழுதிய நூலில் இவ்விரு எளிமைப்படுத்தல்களையும் தாண்டிச் சென்றார். ஆட்சியாளர் கொணர்ந்த விளையாட்டொன்றை ஆளப்பட்டோர் எவ்வாறு தமதாக்கினர் என்பதே அவர் எழுப்பிய வினா.

அவ்வினாவை மனங்கொண்டு, பிரான்சின் மத்திய பகுதியிலுள்ள சென்-எத்தியேன் நகரின் உதைபந்தாட்டக் கழகத்தினது வரலாற்றை இக்கட்டுரையில் நோக்குவோம். பத்துத் தடவை தேசிய சம்பியன் பட்டத்தையும் ஆறு தடவை பிரெஞ்சுக் கிண்ணத்தையும் வென்ற இக்கழகம், பிரான்சிற் 'பச்சையர்' என்ற பெயராலேயே அறியப்படுகின்றது. வெற்றிகளை நிரற்படுத்துவது எமது நோக்கமன்று. முதலாளி ஒருவரின் கொடையாகப் பிறந்த கழகம் தொழிலாளர் நகரொன்றின் அடையாளமாக மாறியது எவ்வாறு? அந்நகரின் சுரங்கங்களும் ஆலைகளும் மூடப்பட்ட அதே காலத்தில் அது தன் புகழின் உச்சியை எய்தியது ஏன்? இவையே எமக்கு முக்கியமான வினாக்கள்.

நகரும் உழைப்பும்

சென்-எத்தியேன், லியோன் பெருநகருக்குத் தென்மேற்கே லுவார் நிலக்கரிப் படுகையின் மீது அமைந்துள்ளது. 1764 இல் அரச ஆயுதத் தொழிற்சாலை இங்கு நிறுவப்பட்டது. புரட்சிக் காலத்தில் 'ஆயுத நகர்' எனப் பெயர் மாற்றப்படுமளவுக்கு இத்தொழில் நகரின் இயல்பாகவே ஆகிவிட்டிருந்தது. 1827 இல் பிரான்சின் முதலாவது இருப்புப்பாதை இந்நகருக்கும் அந்திரேசியூவுக்குமிடையே திறக்கப்பட்டது. அதன் நோக்கம் நிலக்கரியை லுவார் நதிக்குக் கொண்டு செல்வதாகும். நிலக்கரி, உருக்கு, ஆயுதம், பட்டு நாடா நெசவு, துவிச்சக்கரவண்டி என்பன ஒன்றன்பின் ஒன்றாக இந்நகரின் உழைப்பாளரை உருவாக்கின. போலந்து, இத்தாலி, அல்ஜீரியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரும் காலப்போக்கில் அவர்களோடு சேர்ந்தனர்.

இவ்வுழைப்பாளரின் வரலாறு இரத்தக்கறை படிந்தது. 1869 ஜூன் 16 ஆம் திகதி, அயலிலுள்ள லா றிக்கமரியில் வேலைநிறுத்தஞ் செய்த சுரங்கத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினரும் கூடியிருந்த வேளை, படையினர் சுட்டதிற் பத்துப் பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். பிரெஞ்சுத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் அந்நிகழ்ச்சிக்குத் தனியிடம் உண்டு. கழகம் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே இந்நகரின் தொழிலாளர் தம்மை ஒரு வர்க்கமாக உணரத் தொடங்கிவிட்டனர் என்பதனை நாம் மறத்தலாகாது. கழகம் அவர்களுக்குக் கூட்டுணர்வைக் கற்பிக்கவில்லை. ஏலவே இருந்த கூட்டுணர்வு பிற்காலத்திற் கழகத்தினுட் புகுந்தது என்பதே பொருத்தமாகும்.

கடை முதலாளியின் கொடை

கழகத்தின் தோற்றம் சுரங்கத்திலன்று, பலசரக்குக் கடையில் நிகழ்ந்தது. ஜொவ்றுவா கிஷார் என்பார், முன்னர் கேளிக்கை மண்டபமாக இருந்த கட்டடமொன்றில் நடைபெற்று வந்த பலசரக்குக் கடையைப் பொறுப்பேற்று, 1898 இல் 'கசினோ' என்னும் வணிக நிறுவனத்தை அமைத்தார். கிளைக் கடைகள் பல்கிப் பெருக, நிறுவனம் நகரின் பெரும் முதலீடுகளுள் ஒன்றாயிற்று. அதன் ஊழியர்களுக்கான விளையாட்டுச் சங்கம் 1919 இல் உருவாக்கப்பட்டது. கசினோ கடைகளின் பச்சை நிறமே கழகச் சட்டையின் நிறமுமாயிற்று.

1919 என்னும் ஆண்டு கவனத்துக்குரியது. அவ்வாண்டு ஏப்ரலிற் பிரான்சில் எட்டு மணிநேர வேலைநாட் சட்டம் நிறைவேற்றப்பட்டது. தொழிலாளர் நெடுங்காலம் போராடிப் பெற்ற ஓய்வு நேரத்தை யார் ஒழுங்கமைப்பது என்பது உடனடியாகவே ஒரு வர்க்கப் பிரச்சினையாயிற்று. தொழிற்சங்கமும் இடதுசாரிக் கட்சிகளும் ஒருபுறமும், ஆலை முதலாளிகளும் திருச்சபையும் மறுபுறமுமாக, அந்நேரத்தைத் தம்பால் ஈர்க்க முயன்றனர். சென்-எத்தியேன் இதில் தனித்த உதாரணமன்று. மோட்டார் வாகன உற்பத்தியாளரான பேஜோ குடும்பம் 1928 இல் சொஷோவிற் கழகத்தை நிறுவியது. வடக்கே லான்ஸ் நகரின் கழகம் சுரங்கக் கம்பனியின் ஆதரவிலேயே வளர்ந்தது. அதன் விளையாட்டரங்கு கம்பனி அதிகாரி ஒருவரின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கின்றது. தொழிலாளியின் வேலை நேரத்தோடு அவனது ஓய்வு நேரத்தையும் தன் தந்தைமைப் பராமரிப்பின் கீழ்க் கொண்டுவர முதலாளி வர்க்கம் மேற்கொண்ட முயற்சியின் விளைவுகள் இவை.

வணிகப் பெயர்களைக் கழகங்கள் சூடலாகாது என்ற விதி காரணமாக 1920 இல் 'கசினோ' என்ற சொல் கைவிடப்பட்டது; ஆனால் பெயரின் முதலெழுத்துகள் மாறாதவாறு புதுப்பெயர் அமைக்கப்பட்டது. பெயர் மறைந்தும் உடைமை மறையவில்லை. 1927 இல் கிஷாரின் மகன் பியேர் கிஷார் தலைமையேற்றார். 1931 இல் திறக்கப்பட்ட விளையாட்டரங்குக்குத் தந்தையின் பெயர் இடப்பட்டது. பிரான்சில் ஊதியமுறை உதைபந்தாட்டம் 1932 இல் அங்கீகரிக்கப்பட்டதையடுத்து, 1933 இற் கழகமும் அதனை ஏற்றுக்கொண்டது.

உருக்காலைகளின் அயலில் எழுந்த அவ்வரங்கு, ஓட்டப்பாதையால் ஆட்டக்காரரிடமிருந்து பார்வையாளரைப் பிரித்து வைக்காத நெருக்கமான அமைப்பைப் பிற்காலத்தில் பெற்றது. அதனைக் 'கொப்பரை' என மக்கள் அழைக்கலாயினர். மக்கள் சூட்டிய பெயரில் முதலாளியின் சாயல் இல்லை. உலைக்களத்தின் சாயலே உண்டு. உதைபந்தாட்டம் அவர்களுக்குக் கொடையாகக் கிடைத்ததேயாயினும், அதன் பொருளை அவர்களே தம் உழைப்பு வாழ்விலிருந்து எடுத்து வழங்கினர்.

வங்கிகளும் பட்டு வணிகரும் நிறைந்த லியோனுடனான போட்டியும் இவ்வாறே விளங்கிக்கொள்ளப்படல் வேண்டும். அயலூர்ப் பகைமை என்ற அளவோடு நில்லாது, பணம் படைத்த நகருக்கும் உழைக்கும் நகருக்குமிடையிலான முரண்பாடாகவே சென்-எத்தியேன் மக்கள் அதனை உணர்ந்து வந்துள்ளனர்.

குடியேற்ற நாட்டின் மைந்தன்

கழகம் தன் முதலாவது சம்பியன் பட்டத்தை 1957 இல் வென்றது. பயிற்றுநரான ழான் ஸ்னெல்லா போலந்து வழிவந்தவர். அணியின் ஒளிமிக்க ஆட்டக்காரராக விளங்கியவர் அல்ஜீரியாவின் செத்தீப் நகரிற் பிறந்த றஷீத் மெக்லூபி. 1954 இல், தமது பதினெட்டாவது வயதில், அவர் கழகத்திற் சேர்ந்தார். 1945 மே 8 இல், ஐரோப்பா பாசிச வீழ்ச்சியைக் கொண்டாடிய அதே நாளில், செத்தீப்பில் விடுதலை கோரி ஊர்வலம் சென்ற அல்ஜீரியர்மீது பிரெஞ்சு ஆட்சி கட்டவிழ்த்த படுகொலை தொடங்கியது. அப்போது மெக்லூபி எட்டு வயதுச் சிறுவர்.

1958 ஏப்ரலில், சுவீடனில் உலகக்கிண்ணப் போட்டி தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னர், பிரெஞ்சுக் கழகங்களில் ஆடிய அல்ஜீரியர் பலர் இரகசியமாக நாட்டை விட்டு வெளியேறித் தூனிசை அடைந்தனர். தேசிய விடுதலை முன்னணியின் பெயரால் ஆடும் அணியொன்றை அமைப்பதே அவர்களின் நோக்கம். மெக்லூபி அவர்களுள் ஒருவர். பிரெஞ்சுத் தேசிய அணியில் உறுதியான எதிர்காலம் அவருக்கிருந்தது. அத்துடன் அவர் அப்போது பிரெஞ்சு இராணுவ சேவையிலும் இருந்தமையால், தப்பியோடிய படைவீரராகவே கருதப்படத்தக்கவர். அவர் துறந்தது வெறும் ஊதியத்தை மாத்திரமன்று. நாட்டுக்கு இன்னும் எல்லை வகுக்கப்படாதிருக்கையில் அதன் கொடியை ஆசியாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் ஏந்திச் சென்ற அணி அது. அரசியலிலிருந்து விளையாட்டைப் பிரித்து வைக்க வேண்டும் என்ற வாதத்துக்கு இதனைவிடத் தெளிவான மறுப்பு வேறொன்று இல்லை எனலாம்.

விடுதலை கிட்டிய 1962 ஆம் ஆண்டிற் கழகம் பிரெஞ்சுக் கிண்ணத்தை முதற்தடவையாக வென்றும், இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. மெக்லூபி அதே ஆண்டின் இறுதியில் அங்கு திரும்பினார். போரிற் பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் வாழ்ந்த நகர் அது. ஆயினும் அரங்கு அவரைப் பகைமையின்றி ஏற்றுக்கொண்டது. இதனைத் தொழிலாளரின் சர்வதேசிய உணர்வுக்குச் சான்றாக உடனே கொள்ளலாமா? எமது கருத்தில் அது மிகையாகும். ஒப்பற்ற ஆட்டக்காரர் ஒருவரை வரவேற்ற அதே நகரில், சுரங்கத்தின் கடினமான வேலைகளைச் செய்த அல்ஜீரியத் தொழிலாளர் ஒதுக்கப்பட்ட நிலையிலேயே வாழ்ந்தனர். அரங்கினுள் நிலவிய சமத்துவம் அரங்கின் வாயிலோடு நின்றது. எனினும் அவ்வளவு தூரமேனும் அது சென்றது என்பதும் வரலாற்றுண்மையே.

1968 மே 12 இல் நடைபெற்ற பிரெஞ்சுக் கிண்ண இறுதியாட்டத்திற் கழகம் போர்தோவை இரண்டுக்கு ஒன்று என வென்றது. இரு கோல்களையும் மெக்லூபியே அடித்தார். கிண்ணத்தை வழங்கியவர் ஜனாதிபதி டி கோல். விடுதலை முன்னணியின் அணியில் ஆடிய ஒருவர் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவரின் கையாற் கிண்ணம் பெற்ற அந்நாளுக்கு மறுநாள், பிரான்சு முழுவதும் பொது வேலைநிறுத்தம் தொடங்கிற்று. அம்மாதமே உதைபந்தாட்டக்காரர் சிலர், விளையாட்டு அதனை ஆடுவோருக்கே உரியது எனக் கூறிப் பாரிசிலுள்ள தேசியச் சம்மேளனத்தின் தலைமையகத்தைக் கைப்பற்றியிருந்தனர். அதுகாறும் ஆட்டக்காரர் முப்பத்தைந்து வயதுவரை கழகத்துக்குக் கட்டுண்டவராகவே இருந்தனர். காலவரையறையுள்ள ஒப்பந்தம் 1969 இலேயே வந்தது. ஆட்டக்காரனும் உழைப்பை விற்பவனே என்ற உண்மையை அப்போராட்டம் வெளிப்படுத்திற்று.

புகழும் சிதைவும்

1961 முதல் 1982 வரை கழகத்தின் தலைவராயிருந்த றொஜே றோஷே, சுரங்கத் தொழிலாளியின் மகன். இளமையிலே தானும் சுரங்கத்தில் வேலை செய்து, பின்னர் கட்டட ஒப்பந்தக்காரராக உயர்ந்தவர். கிஷார் குடும்பத்தின் இடத்தில் இத்தகையவர் அமர்ந்தமை கழகத்தின் சமூகத் தோற்றத்தை மாற்றிற்று. எனினும், மார்செய் கழகத்தோடு உடன்பாடு செய்தார்கள் என அறிந்ததும் 1971 இல் இரு முன்னணி ஆட்டக்காரரை உடனே அணியிலிருந்து அகற்றியவரும் அவரே. தொழிலாளர் குடும்பத்திற் பிறந்தமை ஒருவரைத் தொழிலாளர் பக்கம் நிறுத்திவிடுவதில்லை.

அல்பேர் பத்தோவின் பயிற்சியில் 1968 முதல் 1970 வரையும், அவருக்குப் பின் றொபேர் ஏர்பெனின் பயிற்சியில் 1974 முதல் 1976 வரையும் மும்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கழகம் பட்டம் வென்றது. எழுபதுகளின் அணி பெரும்பாலும் கழகமே பயிற்றியெடுத்த இளைஞரைக் கொண்டது. 1974 இல் ஸ்பிளிற் நகரில் ஒன்றுக்கு நான்கு எனத் தோற்றபின் தன் அரங்கில் ஐந்துக்கு ஒன்று என வென்றும், 1976 இல் சோவியத் அணியான டைனமோ கீவிடம் இரு கோல்களாற் பின்தங்கியபின் மூன்று கோல்களால் மீண்டும், அது ஐரோப்பிய அரங்கிற் பெயர் பெற்றது. 1976 மே 12 இல் கிளாஸ்கோ ஹம்டன் பார்க் அரங்கில் நடைபெற்ற ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்திற் பயேர்ன் மியூனிக்கிடம் ஒரு கோலால் தோற்றது. பந்து இருமுறை கோற்கம்பத்தின் குறுக்குச் சட்டத்திற் பட்டுத் திரும்பியது. அச்சட்டம் உருளையாயன்றிச் சதுர வடிவாயிருந்தமையே தோல்விக்குக் காரணம் என்ற கதை இன்றுவரை பிரான்சில் வழங்கி வருகின்றது. தோற்ற அணி மறுநாள் பாரிசின் சாம்ப்ஸ்-எலிசே வீதியில் ஊர்வலமாக அழைத்துச் செல்லப்பட்டு, ஜனாதிபதி ஜிஸ்கார் டெஸ்தேயினால் வரவேற்கப்பட்டது.

இந்நிகழ்ச்சிகளைப் பொருளாதார அடித்தளத்தோடு பொருத்திப் பார்க்கையில் ஒரு முரண்பாடு புலனாகின்றது. நகரின் பெரும் சுரங்கமான கூரியோ 1973 இல் மூடப்பட்டது. அடுத்த மூன்று ஆண்டுகளே கழகத்தின் பொற்காலம். மேற்கட்டுமானம் அடித்தளத்தை நேரே பிரதிபலிக்கும் என்ற யாந்திரிகக் கோட்பாட்டின்படி, நகர் தளரக் கழகமும் தளர்ந்திருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ இதற்கு மாறானது.

இதனை எவ்வாறு விளக்கலாம்? சுரங்கத் தொழிலாளியின் பண்புகளாகக் கருதப்பட்ட விடாமுயற்சி, தோழமை, தோல்வியிலும் தளராமை என்பன உற்பத்தியில் தேவையற்றவையாகிக் கொண்டிருந்த வேளையில், அவை தொலைக்காட்சித் திரையிலே தேசியப் பண்புகளாகப் போற்றப்பட்டன. லுவார் படுகையின் தொழிலாளரைப் பணிநீக்கஞ் செய்த அதே பிரான்சு, அவர்களின் உருவத்தைப் பச்சைச் சட்டையிற் கண்டு கண்ணீர் மல்கிற்று. உழைப்பு உற்பத்தியிலிருந்து அகற்றப்பட்டு, நினைவாக நுகரப்படும் பண்டமாயிற்று. பச்சையரைப் போற்றும் பாடல் இசைத்தட்டாகப் பெருந்தொகையில் விற்பனையானமையும் இந்நுகர்வின் ஒரு கூறே. ஆயினும் நகர மக்களைப் பொறுத்தவரை இது வெறும் மயக்கமன்று. தாம் பயனற்றவரெனச் சொல்லப்பட்ட காலத்தில், தம் பெயர் ஐரோப்பா முழுவதும் மதிப்போடு உச்சரிக்கப்பட்டமை அவர்களுக்கு உண்மையானதொரு பெறுமதியாயிருந்தது.

எழுபதுகளில் ஆட்டக்காரர் சட்டையில் விளம்பரமாகப் பொறிக்கப்பட்டிருந்த பெயர் 'மனுவ்பிரான்ஸ்'. 1885 இல் தோன்றி, துவக்குகளும் துவிச்சக்கரவண்டிகளும் தையற்பொறிகளும் செய்த இந்நிறுவனத்தின் பங்குகளை, அதன் நிறுவகருள் ஒருவரான எத்தியேன் மிமார் தம் மரணசாசனத்தின் மூலம் நகரசபைக்கு விட்டுச் சென்றிருந்தார். தொலைக்காட்சியில் அச்சட்டை ஒளிர்ந்த காலத்திலேயே நிறுவனம் நெருக்கடிக்குள் ஆழ்ந்து கொண்டிருந்தது. 1974 முதல் 1976 வரை நாட்டின் தொழில் அமைச்சராகவும் இருந்த நகர முதல்வர் மிஷேல் துராபூர் 1977 தேர்தலிற் பதவியிழக்க, முன்னாட் சுரங்கத் தொழிலாளியும் கம்யூனிஸ்ட் கட்சியினருமான ஜோசெப் சங்குவெதோல்சே முதல்வரானார். அரங்கிற் கைதட்டிய மக்கள் வாக்குச்சாவடியில் உறங்கிவிடவில்லை. விளையாட்டு மக்களைப் போதையில் ஆழ்த்துகின்றது என்போர் விடைகூற வேண்டிய சான்று இது.

கணக்கில் வராத பணம்

1981 இல் மிஷேல் பிளாத்தினி ஆடிய அணி பத்தாவது பட்டத்தை ஈட்டித் தந்தது. மறு ஆண்டே, ஆட்டக்காரருக்கு மறைவாகப் பணம் வழங்குவதற்கென இரகசிய நிதியொன்று பேணப்பட்டமை வெளியாயிற்று. றோஷே பதவி விலகினார். பின்னர் சிறையிலும் வைக்கப்பட்டார். 1990 இல் வழக்கு விசாரிக்கப்பட்டுத் தண்டனை விதிக்கப்பட, 1991 இல் ஜனாதிபதி மித்தரான் அவருக்கு மன்னிப்பளித்தார். இதனைத் தனிமனிதர் ஒருவரின் ஒழுக்கக்கேடாகக் கொள்வது எளிது. ஆனால் உள்ளூர் இளைஞரைப் பயிற்றி வளர்த்த கழகம், சந்தையின் உயர்விலை ஆட்டக்காரரைக் கொண்டு ஐரோப்பியக் கழகங்களோடு போட்டியிட முனைந்தபோது, நகரின் வளம் அதற்குப் போதவில்லை என்பதே அடிப்படையான காரணமாகும்.

1983 இல் லா றிக்கமரியிலிருந்த பிஜோ சுரங்கம் மூடப்பட்டதோடு லுவார் படுகையின் நிலக்கரி அகழ்வு முடிவுற்றது. 1984 இல் இப்பிரதேசத்துப் பெரும் உருக்கு நிறுவனமான கிறெசோ-லுவார் முறிந்தது. அதே ஆண்டிற் கழகமும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. மனுவ்பிரான்சைக் காக்கத் தொழிலாளர் அமைத்த கூட்டுறவும் 1985 இற் கலைக்கப்பட்டது. இந்த ஆண்டுகளின் ஒற்றுமையை விதியின் விளையாட்டாக வியக்க வேண்டியதில்லை. ஒன்று மற்றொன்றின் நேரடி விளைவு எனவும் கூற முடியாது. முதலீடு ஒரு பிரதேசத்தைக் கைவிடும்போது, அங்குள்ள ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியிலே தன் காலத்திலே அதன் தாக்கத்தை உணர்கின்றது என்பதே எமது துணிபு.

பின்வந்த வரலாற்றைச் சுருக்கமாகவே கூறலாம். 1986 இல் மேற்பிரிவுக்கு மீட்சி. 1996 இல் மீண்டும் வீழ்ச்சி. 2001 இல் வெளிநாட்டு ஆட்டக்காரரின் போலிக் கடவுச்சீட்டு விவகாரத்தோடு இன்னுமொரு வீழ்ச்சி. 2013 இல் லீக் கிண்ண வெற்றி. 2022 இல் மறுபடியும் இறக்கம். அவ்வாண்டிலேயே அராபிய அரச முதலீட்டின் பலத்தோடு பாரிஸ் சென்-ஜெர்மேன் பத்தாவது பட்டத்தை வென்று, சென்-எத்தியேனின் நீண்டகாலச் சாதனையைச் சமன்செய்தது. அடுத்த ஆண்டே அதனை முறியடித்தது. 2024 இற் கழகம் கனடிய முதலீட்டு நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில், கடன் சுமையால் நலிந்த கசினோவின் கட்டுப்பாடும் செக் நாட்டுச் செல்வந்தர் ஒருவரைச் சென்றடைந்தது. 1919 இற் கழகத்தைப் பெற்ற கடையும் அதன் பிள்ளையான கழகமும் சில மாத இடைவெளியில் நகரைவிட்டுத் தொலைவிலுள்ளோரின் உடைமையாயின. மேற்பிரிவுக்கு 2024 இல் மீண்ட அணி, 2025 இல் மறுபடியும் இறங்கியது.

உடைமையும் உரிமையும்

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம். சென்-எத்தியேன் கழகம் சட்டப்படி ஒருபோதும் தொழிலாளருக்கு உரியதாயிருந்ததில்லை. ஆயினும் அதன் பெயரும் புகழும் உணர்வும் அவர்களாலேயே உருவாயின. பெறுமதியைப் படைப்போர் ஒருசாரார், அதனை உடைமையாக வைத்திருப்போர் வேறொரு சாரார் என்னும் முதலாளித்துவத்தின் அடிப்படை முரண்பாடு, ஆலையிற்போலவே அரங்கிலும் செயற்பட்டுள்ளது. முதலாளி நகரிலேயே வாழ்ந்த காலத்தில் இம்முரண்பாடு தந்தைமைப் பராமரிப்பின் போர்வையில் மறைந்திருந்தது. உடைமையாளர் கடல் கடந்து சென்றபின் அப்போர்வை விலகிவிட்டது.

கூரியோ சுரங்கம் 1991 முதல் அருங்காட்சியகமாக உள்ளது. அரங்கிலும் 2013 இற் கழகத்தின் அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. கிளாஸ்கோவிலிருந்து விலைக்கு வாங்கப்பட்ட சதுரக் கோற்கம்பங்கள் அங்கு வைக்கப்பட்டுள்ளன. ஆனால் இவ்விரண்டுக்குமிடையே ஒரு வேறுபாடு உண்டு. சுரங்கத்தினுள் இனி எவரும் இறங்கப் போவதில்லை. அரங்கிலோ, அணி எப்பிரிவில் ஆடினும், சுரங்கத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகளும் அல்ஜீரியரின் பேரப்பிள்ளைகளும் ஒரே படிக்கட்டில் நின்று குரலெழுப்புகின்றனர். அக்குரல் வெறும் கடந்தகால ஏக்கமாகவே தேய்ந்துவிடுமா, தாம் படைத்ததன்மீது உரிமை கோரும் குரலாக வளருமா என்பதை விளையாட்டு மாத்திரம் தீர்மானிக்க இயலாது. விளையாட்டைப் புறக்கணிக்கும் சமூக ஆய்வும் அக்குரலை விளங்கிக்கொள்ள இயலாது.